தாது வருஷத்துச் சேத்துப்பட்டு

வட ஆற்காட்டுச் சேத்துப்பட்டுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் முதலில் வந்தது பீரங்கியோடு. 1757இல் கோட்டையைப் பிடித்தார்கள். 1760 ஜனவரியில் வந்தவாசியில் தோற்றதும், அதே மாதத்தில் கோட்டை ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டிடம் போனது. அந்தக் கதையைச் சொல்ல ஆட்கள் உண்டு. எனக்குப் பெரியது, பிறகு வந்த பிரெஞ்சுக்காரரின் கதைதான்.

அவர் தராஸ் சாமியார் (1835–1916). பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்தவர். வட ஆற்காட்டின் அப்போஸ்தலர் என்று கத்தோலிக்கர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஊர் அவருக்கு முன்பே இருந்தது. ஆனால் லூர்து மாதா கோயிலைச் சுற்றி வளர்ந்த சேத்துப்பட்டு அவர் உழைப்பில் எழுந்தது.

நான் மல்லாட்டை போடும் குடும்பத்துப் பிள்ளை. "கூழுக்கு வேதத்தில் சேர்ந்தவங்க" என்று கிறிஸ்தவர்களை டீக்கடையில் ஏளனமாகச் சொல்வதைச் சிறுவயதிலிருந்தே கேட்கிறேன். சொல்கிறவர்கள் தாது வருஷத்தை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கட்டும்.

தாது வருஷமான 1876இல் மழை பொய்த்தது. எங்கள் பக்கத்தில் நெல் என்றால் ஏரிப் பாசனம்தான். ஏரி வறண்டால் நடவில்லை, அறுப்பில்லை. நிலமுள்ளவன் குதிரிலிருந்ததைத் தின்று கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தான். தானியக் கூலிக்கு உழைத்த படியாளுக்கு அறுப்பு இல்லையென்றால் அடுப்பே இல்லை. முதலில் செத்தவர்கள் அவர்கள். நிவாரண வேலைக்குப் போன ஆணுக்கு, பஞ்ச நிவாரணத்துக்கான அரசுப் பிரதிநிதி ரிச்சர்டு டெம்பிள் வகுத்த கூலி நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். அதாவது அரைக்கிலோவுக்கும் குறைவு, மண் சுமக்கிறவனுக்கு! பெண்ணுக்கு அதிலும் குறைச்சல். 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் லட்சக்கணக்கானவர்களைப் பறிகொடுத்தது.

அந்தக் காலத்திலும் அதற்குப் பின்னும் ஆயிரக்கணக்கானோர் தராஸ் சாமியாரிடம் ஞானஸ்நானம் பெற்றார்கள். பசி அவர்களை அழைத்து வந்தது உண்மைதான். பஞ்சம் முடிந்ததும் எல்லோரும் திரும்பிப் போய்விடவில்லையே! பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள், கோயிலைத் தங்கள் கோயிலாக்கினார்கள். பின்னாளில், ஊர் ஒதுக்கிய தொழுநோயாளிகளுக்குப் புனித தோமையார் மருத்துவமனையும் இங்கே வந்தது. பிப்ரவரி 11 லூர்து மாதா திருநாள். மாதாவைத் தேடி இந்துக்களும் வருகிறார்கள்.

ஆனால் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதி உரிமை கிடையாது. படியாளாயிருந்த பாட்டனின் பேரன், சேரியில் அதே தெருவில்தான் இருக்கிறான். வேதத்தில் சேர்ந்ததற்கு அந்தக் குடும்பம் இன்னும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறது.