எண் பெரிதானால் வேகம் பெரிதாகுமா?

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசிக்குப் போகும் சாலையில் இருக்கிறது பெருநகர். பெயர்தான் பெருநகர், ஊர் சிற்றூர். பொழுது புலருமுன் இந்தச் சுற்றுவட்டாரத்து இளைஞர்கள் ஒரகடத்துக்கும் திருப்பெரும்புதூர்ப் பக்கத்துக்கும் வேலைக்குப் புறப்பட்டு விடுகிறார்கள். கார் பூட்டுகிறவர்கள், மோட்டார் சைக்கிள் பூட்டுகிறவர்கள், உதிரிப் பாகம் வார்க்கிறவர்கள். நாள் முழுவதும் பிறர் ஓட்டப்போகும் வண்டிகளைச் செய்து முடித்துவிட்டு, தவணையில் வாங்கிய தங்கள் வண்டியில் வீடு திரும்புகிறார்கள்.

அப்படித் திரும்பிய ஒரு தம்பியை அந்தச் சாலையில் ஒரு பெட்ரோல் பங்கில் பார்த்தோம். “அண்ணே, சாதா வேண்டாம், பவர் போடுங்க. வண்டி சும்மா பறக்கணும்” என்றார். பங்கில் நின்ற அண்ணனும் போட்டார். லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதல். தம்பியின் முகத்திலே ஒரு பெருமிதம். பெரிய எண் போட்ட பெட்ரோல் அல்லவா?

அந்தப் பெருமிதத்தைக் கேலி செய்ய நாம் வரவில்லை. அந்தக் கூடுதல் ரூபாய்க்கு அவருக்குக் கிடைத்தது என்ன என்று கணக்குக் கேட்கவே வந்திருக்கிறோம். வியர்வை சிந்திச் சம்பாதித்த காசுக்குக் கணக்குக் கேட்பது குற்றமா?

விளம்பரப் பலகைகளில் 95 என்கிறார்கள், 97 என்கிறார்கள், 99 என்கிறார்கள், 100 என்கிறார்கள். இந்த எண்ணுக்குப் பெயர் ஆக்டேன் எண். எண் ஏற ஏற எரிபொருளுக்குச் சக்தி ஏறுகிறது என்பது நாட்டிலே பரவிக் கிடக்கும் நம்பிக்கை. இந்த நம்பிக்கை முழுத் தவறு.

சிலிண்டருக்குள்ளே நடப்பதைப் பாருங்கள். பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து உள்ளே வருகின்றன. பிஸ்டன் மேலேறி அந்தக் கலவையை நெருக்குகிறது. உரிய நொடியில் ஸ்பார்க் பிளக் பொறி தட்டுகிறது. தீ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சீராகப் பரவி, பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. இதுதான் முறை. ஆனால் நெருக்கமும் சூடும் அளவு மீறிப் போனால், தீ வந்து சேருமுன்பே மூலையில் கிடக்கும் கலவை தானாகவே வெடித்துவிடும். அப்போது கேட்கும் ‘டக் டக்’ ஓசையைத்தான் நம் மெக்கானிக் தோழர்கள் “நாக்கிங் அடிக்குது” என்கிறார்கள். அது நீடித்தால் பிஸ்டன் தலை தீயும், ரிங் உடையும்.

அந்த நெருக்கத்தை எவ்வளவு தூரம் பொறுத்துக்கொள்ளும் என்பதைக் காட்டும் அளவே ஆக்டேன் எண். அது பெட்ரோலின் பொறுமைக்கு எண். பலத்துக்கு எண் அல்ல. ஐசோ ஆக்டேன் என்ற பொருளின் பொறுமைக்கு 100 என்றும், ஹெப்டேன் என்ற பொருளுக்கு 0 என்றும் வைத்து, சோதனை எஞ்சினில் ஒப்பிட்டுப் பார்த்து எண் கொடுக்கிறார்கள்.

அப்படியானால் இந்த உயர்ந்த எண் யாருக்கு வேண்டும்? மிகுதியாக நெருக்கும் எஞ்சினுக்கு வேண்டும். நம் மாவட்டத்திலேயே உருவாகும் 350 சி.சி. ராயல் என்ஃபீல்டு எஞ்சின் ஒன்பதரை பங்கு கலவையை ஒரு பங்காக நெருக்குகிறது. அதற்குச் சாதாரணப் பெட்ரோலின் பொறுமையே போதும். பன்னிரண்டு பங்குக்கு மேல் நெருக்கும் அதிவேக வண்டிகளும், டர்போ வைத்துக் காற்றைத் திணித்து அடைக்கும் விலையுயர்ந்த கார்களும், இருங்காட்டுக்கோட்டைத் திடலில் சீறும் பந்தய வண்டிகளும் வேறு ரகம். அவற்றில் பலவற்றுக்கு உயர்ந்த எண் தேவை. அவற்றுக்குக் குறைந்த எண் ஊற்றினால் வேகம் குறையும், மைலேஜ் குறையும். நாக்கிங்கை உணர்ந்து பொறி தட்டும் நேரத்தைத் தள்ளிப்போடும் சென்சார் இல்லாத எஞ்சினாக இருந்தால் சேதமும் வரும்.

ஆனால் ஒன்பதரை பங்கு நெருக்கும் எஞ்சினில் 100 ஆக்டேன் ஊற்றினால்? ஒன்றும் வராது. தேவையில்லாத பொறுமையை விலை கொடுத்து வாங்கி எரித்தது மட்டுமே மிச்சம். லிட்டருக்கு 7 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 20 லிட்டர் போட்டால் 140 ரூபாய். ஆண்டுக்கு 1,680 ரூபாய். பிள்ளையின் நோட்டுப் புத்தகச் செலவு புகையாகப் போகிறது! 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் 100 ஆக்டேன் பெட்ரோலைக் கொண்டுவந்தபோது டெல்லியில் லிட்டர் 160 ரூபாய். அன்று அங்கே சாதாரணப் பெட்ரோல் 82 ரூபாய் சொச்சம். ஏறத்தாழ இரட்டை விலை. அதற்கென்றே செய்த எஞ்சின் வைத்திருப்பவர் வாங்கட்டும். அது அவர் தேவை. அதைப் பார்த்து நாம் ஏமாறக் கூடாது.

“கூடுதல் விலைப் பெட்ரோலில் எஞ்சினைச் சுத்தம் செய்யும் மருந்து இருக்கிறதே” என்று ஒருவர் கேட்கலாம். இருக்கிறது என்றுதான் விற்கிறார்கள். ஆனால் அது வேறு சரக்கு. ஆக்டேன் வேறு சரக்கு. இரண்டையும் ஒரே பொட்டலத்தில் கட்டி ‘பவர்’ என்று பெயர் சூட்டுவதில்தான் குழப்பமே பிறக்கிறது.

இன்னொரு உழைப்பாளியையும் நாம் மறக்கவில்லை. அவர் கார் ஓட்டும் தோழர். கார் முதலாளியுடையது, பழி டிரைவருடையது. எஞ்சின் பழுதானால் “என்னடா ஊற்றினாய்?” என்ற கேள்வி அவர் தலையில்தான் விழுகிறது. அவருக்கு ஒரு வார்த்தை: பெட்ரோல் மூடியின் உட்புறத்தைப் பாருங்கள், வண்டியோடு வந்த கையேட்டைப் பாருங்கள். “குறைந்தது இவ்வளவு” என்று எண் போட்டிருக்கும். அதற்குக் கீழே போகாதீர்கள். அதற்கு மேலே போக அவசியமில்லை. அமெரிக்காவுக்கென்று செய்த கார் என்றால் எச்சரிக்கை! அவர்கள் எண்ணும் முறை வேறு. அங்கே 87 என்பது நம் கணக்கில் 91 அளவுக்கு வரும். அங்கே 91 என்பது இங்கே 95க்கும் மேலே போகும். கையேட்டின்படி ஊற்றியும் நாக்கிங் கேட்டால், உயர்ந்த பெட்ரோலைத் தேடி ஓடுமுன் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். சிலிண்டருக்குள் கரி படிந்திருக்கலாம்; எஞ்சின் அதிகமாகச் சூடேறலாம்; பொறி தட்டும் நேரம் தப்பியிருக்கலாம்.

இந்த எண்ணை உயர்த்துவதற்காக உழைப்பாளி கொடுத்த விலையையும் சொல்லத்தான் வேண்டும். 1921 டிசம்பரில் அமெரிக்காவின் டேட்டன் நகரில், ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், ஈயக் கலவை ஒன்றைச் சிறிதளவு சேர்த்தால் நாக்கிங் அடங்குவதைக் கண்டார். ஈயம் நஞ்சு என்பது அன்றைக்கே தெரிந்த செய்தி. ஆகவே விற்பனைக்கு வந்தபோது ஈயம் என்ற சொல்லையே மறைத்து ‘எத்தில்’ என்று பெயர் வைத்தார்கள். 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் அந்த நஞ்சைத் தயாரித்த தொழிலாளர்கள் சித்தம் கலங்கினார்கள். ஐந்து பேர் மாண்டார்கள். முப்பதுக்கு மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அவர்கள் அளவுக்கு மீறி உழைத்ததால் புத்தி பேதலித்திருக்கலாம் என்று கம்பெனித் தரப்பு சொன்னது. உழைத்தவன் மீதே குற்றம்! அந்த ஈயப் பெட்ரோல் இந்தியாவில் 2000 பிப்ரவரியில்தான் முற்றாக ஒழிந்தது. உலகில் கடைசியாக அல்ஜீரியா அதைக் கைவிட்டது 2021இல். நூறு ஆண்டு! பெயருக்குப் பின்னே இருக்கும் பொருளை மக்களுக்குச் சொல்லாமல் விட்டதன் விளைவு அது.

இன்றைக்கு நம் பெட்ரோலில் ஈயம் இல்லை, எத்தனால் இருக்கிறது. 2025இல் நாடெங்கும் 20 விழுக்காடு கலப்பு எட்டப்பட்டது. எத்தனாலுக்கு ஆக்டேன் எண் சுமார் 108. ஆனால் ஒரு லிட்டர் பெட்ரோல் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் ஒரு லிட்டர் எத்தனால் தரும். எண் பெரிது, சக்தி சிறிது! நாம் மேலே சொன்னதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? இதற்கென்று அமைக்கப்படாத வண்டிகளில் மைலேஜ் குறையும் என்பதை 2021இல் நிதி ஆயோக் அறிக்கையே ஒப்புக்கொண்டது. இரு சக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4 விழுக்காடு என்று மதிப்பிட்டது.

எத்தனாலை நாம் எதிர்க்கவில்லை. கரும்பு விவசாயிக்கு நல்ல விலை கிடைத்தால், அந்நியச் செலாவணி மிஞ்சினால், வரவேற்போம். நாம் கேட்பது வேறு. முன்பு 88 ஆகவும் பின்பு 91 ஆகவும் இருந்த ஆக்டேன் எண், இந்தக் கலப்பினால் 95 ஆகியிருக்கிறது என்று ஒன்றிய அரசு 2025 ஆகஸ்டில் விளக்கம் தந்தது. அப்படியானால் சாதாரணப் பெட்ரோலே 95! பக்கத்துப் பம்பில் 95 என்று எழுதிக் கூடுதல் விலைக்கு விற்பது எதற்காக? இதைக் கேட்க நம் தம்பிக்கு உரிமை உண்டா இல்லையா? பங்கில் ஐந்து லிட்டர் அளவையால் அளந்து காட்டச் சொல்லலாம்; வடிதாளில் சொட்டு விட்டுப் பார்க்கலாம்; அடர்த்தியும் கேட்கலாம். ஆனால் ஆக்டேன் எண்ணை எந்தத் தாளும் காட்டாது. அவர்கள் எழுதி வைத்தால்தான் நமக்குத் தெரியும்.

எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்க வேண்டும், பம்பில் கலப்பு விவரம் எழுதப்பட வேண்டும் என்று கேட்ட மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1ஆம் நாள் தள்ளுபடி செய்தது. நீதிமன்றக் கதவு மூடினால் மக்கள் வாயும் மூட வேண்டுமா? வாங்கும் பொருளின் தரத்தையும் தூய்மையையும் அறியும் உரிமை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது.

பெருநகருக்கு அண்டையில்தான் உத்திரமேரூர். அங்கே கோயில் சுவரில், பராந்தக சோழன் காலத்தில் 919லும் 921லும், ஊர் வாரியத்துக்கு யாரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களின் சபை அது. ஏர் பிடித்தவன் பெயர் எழுதிய ஓலை அந்தக் குடத்தில் விழவில்லை. அதை நாம் மறைக்க மாட்டோம். ஆயினும் இரண்டு செய்திகள் அந்தக் கல்லில் உண்டு. தேர்ந்தெடுப்பதற்கான விதி எல்லோர் கண்ணுக்கும் தெரிய எழுதப்பட்டது. கணக்குக் காட்டாதவன் மறுபடி அந்தப் பதவிக்கு வர முடியாது என்று விதிக்கப்பட்டது.

ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்னே கல்லில் எழுத முடிந்தது. இன்றைக்குப் பம்பில் எழுத முடியாதா? ஆக்டேன் எவ்வளவு, எத்தனால் எவ்வளவு, கூடுதல் விலை எதற்காக – மூன்றே வரி, தமிழில், கொட்டை எழுத்தில்!

அது வரும் வரை, தோழர்களே, பெட்ரோல் மூடியைத் திறக்கும்போது மூடியின் உட்புறத்தைப் படியுங்கள். விளம்பரப் பலகையை அல்ல.