பேனலுக்குள் பிறக்கும் இரைச்சல்

பழைய இரும்பை உருக்கும் தூண்டல் உலைகளும் உருட்டாலைகளும் நிறைந்த கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும், திருவள்ளூரை அடுத்த காக்களூர்த் தொழிற்பேட்டையிலும், கட்டுப்பாட்டுப் பேனல் ஒன்றைத் திறந்து பார்ப்பவர், 230 வோல்ட்டை வாங்கி 24 வோல்ட்டாக்கித் தரும் எஸ்.எம்.பி.எஸ். என்னும் சிறு பெட்டியை ஒரு மூலையில் காண்பார். இரும்புக் கருவுடைய பழைய டிரான்ஸ்பார்மரின் கனத்தை ஒழித்த இச்சாதனம், மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டிவெட்டி விடுவதாலேயே அந்த லாகவத்தை அடைகிறது. வெட்டு எத்தனைக்கெத்தனை கூர்மையோ அத்தனைக்கத்தனை உஷ்ணமாக வீணாகும் சக்தி குறையும், ஆனால் மடங்கு அதிர்வெண்களில் எழும் இரைச்சல் கூடும். 80 கிலோஹெர்ட்ஸில் வெட்டும் பெட்டியின் ஒன்பதாம் மடங்கு, சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் அலையின்மேல் நேராகவே போய் விழும்.

இதற்கு வரம்பு கட்டும் சிஸ்பர் என்னும் சர்வதேசக் குழு 1934-இல் தோன்றியது. கம்பி வழிப் பரவும் இரைச்சலுக்கு அதன் வரம்பு பெரும்பாலும் 150 கிலோஹெர்ட்ஸில் தொடங்குகிறது. பல பெட்டிகள் 65 கிலோஹெர்ட்ஸில் வெட்டுவது, இரட்டிப்பான 130-உம் அந்த எல்லைக்கு வெளியே நிற்கும் என்ற சாமர்த்தியத்தினாலேதான். வரம்பு மீறியதா என்று அளக்கத் தரமணியிலுள்ள சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் இருக்கிறது.

நிவாரணத்தை இரைச்சல் பிறக்குமிடத்தில் தொடங்குவதே உத்தமம். சுவிட்ச், டிரான்ஸ்பார்மர், உள்ளீட்டுக் கெப்பாசிட்டர் மூன்றையும் சுற்றிவரும் மின்னோட்டப் பாதையைக் குறுக்கினால், இரைச்சலை வெளியே வீசும் ஆன்டெனாவே குறுகிவிடுகிறது. மிஞ்சியதை, ஃபெரைட் வளையத்தில் இரு கம்பிகளையும் சுற்றிய சோக் தடுக்கிறது: போய்த் திரும்பும் பயன்படு மின்னோட்டத்தின் காந்தப் புலங்கள் வளையத்துள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, இரு கம்பியிலும் ஒரே திசையில் ஓடும் இரைச்சலுக்கு மட்டும் அது பெருந்தடையாகிறது, இவ்வளவு எளிய வஸ்துவில் இவ்வளவு விவேகம் அபூர்வமே. எஞ்சியதை எர்த்துக்குத் திருப்பும் ஒய்-கெப்பாசிட்டரை இஷ்டப்படி பெருக்க இயலாது. எர்த் அறுந்த பேனலைத் தொட்டவன் விரலில் சுருக்கென்று ஏறுவது பலசமயம் அதன் கசிவுதான்.

நாய்ஸ் என்றதும் இன்னொரு எர்த் கம்பியை நீளமாக இழுப்பது பட்டறைகளில் சகஜமான வைத்தியம். ஒரு மீட்டர் கம்பிக்கு ஏறக்குறைய ஒரு மைக்ரோஹென்றி தூண்டம் உண்டு. 50 ஹெர்ட்ஸில் அது சூன்யத்துக்குச் சமானம், 10 மெகாஹெர்ட்ஸிலோ 60 ஓமுக்கு மேற்பட்ட தடை. ஆகவே சோக்கும் ஒய்-கெப்பாசிட்டரும் அடங்கிய ஃபில்டரின் உலோக உடலைப் பேனல் தகட்டோடு முழுமுகமாகப் பதித்து முடுக்கவேண்டும். இடையில் பெயின்ட் இருந்தால் சுரண்டவேண்டும். சுரண்டிய இரும்பைப் பழவேற்காட்டுப் பக்கத்து உப்புக்காற்று வெகுசீக்கிரம் துருவாக்கிவிடுமாகையால், துத்தநாகம் பூசிய தகட்டையே முதலில் தேர்வது நலம். ஃபில்டருக்குள் போகும் கம்பியையும் வரும் கம்பியையும் ஒரே கட்டாகக் கட்டிவிடுவோருக்கு எந்த ஃபில்டரும் உதவாது; வடிகட்டிய கம்பியில் பக்கத்துக் கம்பியின் இரைச்சல் மறுபடியும் ஏறிக்கொள்ளும்.