குதிரைகளை அவிழ்த்துவிட்ட சாரதி

திருவல்லிக்கேணித் திருக்கோயிலில் மூலவர் வேங்கடகிருஷ்ணன் தனித்து நிற்பதில்லை. ருக்மிணிப் பிராட்டி, அண்ணன் பலராமன், இளவல் சாத்யகி, மகன் பிரத்யும்னன், பேரன் அநிருத்தன் என்று குடும்பத்தோடு சேவை சாதிக்கிறான். திருக்கரத்தில் சங்கு உண்டு, சக்கரம் இல்லை. ஆயுதம் ஏந்துவதில்லை என்று வாக்களித்துவிட்டு, பிறருடைய போரில் தேரோட்ட ஒப்புக்கொண்டவன் அவன். உற்சவர் பார்த்தசாரதியின் திருமுகத்தில், பீஷ்மரின் அம்புகள் தைத்ததாகச் சொல்லப்படும் வடுக்களை அன்பர்கள் இன்றும் கண்டு உருகுகிறார்கள்.

அந்தச் சாரதியைத் தரிசிக்கச் செல்வோரில் பலர் இப்போது கைப்பேசிச் செயலியில் அழைத்த வாடகைக் காரில்தான் போய் இறங்குகிறார்கள். காரை ஓட்டி வருபவர் முழுநேர ஓட்டுநராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பகலில் கடையிலோ அலுவலகத்திலோ வேலை பார்த்துவிட்டு, மாலையில் நான்கு மணி நேரம் சவாரி ஏற்றுபவராக இருக்கலாம். பணி ஓய்வுக்குப் பின் மகளின் திருமணக் கடனை அடைப்பவராக இருக்கலாம். இத்தகையோருள் சிலர் தாங்கள் கார் ஓட்டுவதை உறவினரிடம் சொல்வதில்லை. சம்பந்தி வீட்டார் வசிக்கும் தெருவுக்குச் சவாரி வந்தால் மறுத்துவிடுவோரும் உண்டு. தேரோட்டியைக் கருவறையில் வைத்து வணங்கும் ஊரில் இந்தக் கூச்சம் ஏன் என்பது விளங்கவில்லை.

கூச்சத்தைக் காட்டிலும் கணக்கே முக்கியம். சொந்த உபயோகத்துக்கென்று வாங்கிய, வெள்ளைப் பலகை பொருத்திய காரை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி செல்லாது. மஞ்சள் பலகை, பர்மிட், எஃப்.சி. ஆகியவை வேண்டும். தனியார் வாகனத்துக்கான காப்பீடு வாடகை ஓட்டத்துக்குப் பொருந்தாது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடக்கூடும். ஓட்டுநர் உரிமத்தில் மட்டும் ஒரு சலுகை உண்டு. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வாகனங்களைச் சாதாரண இலகு ரக உரிமத்தைக் கொண்டே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் கூறியது. 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் அதை உறுதி செய்தது.

பகுதி நேர ஓட்டத்துக்காகவே கடன் வாங்கிக் கார் எடுப்பது எவ்வகையிலும் விவேகமன்று. ஆறு லட்சம் ரூபாய் கடன், ஆண்டு வட்டி 10 சதவீதம், தவணைக் காலம் ஐந்தாண்டு என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை ஏறத்தாழ 12,750 ரூபாய் ஆகும். மாதத்தில் 25 மாலைகள் ஓட்டினாலும் ஒவ்வொரு மாலையும் முதல் 510 ரூபாய் வங்கிக்கே போய்விடும். எரிபொருள், டயர் தேய்மானம், செயலிக்குச் செலுத்த வேண்டிய தரகு ஆகியவை அதற்குப் பிறகு. தரகுக்குப் பதிலாக நாள் கட்டணம் வாங்கும் செயலிகளும் வந்துவிட்டன. பன்னிரண்டு மணி நேரம் ஓட்டுபவருக்கு அது ஆதாயம். மூன்று மணி நேரம் ஓட்டுபவருக்கு அதுவே பாரம். பலர் மறந்துவிடும் கணக்கு இன்னொன்று உண்டு. எட்டுக் கிலோமீட்டர் சவாரிக்கு மூன்று கிலோமீட்டர் வெறும் வண்டியாகப் போய்ப் பயணியை ஏற்றினால், வருமானம் எட்டுக்கு, எரிபொருள் பதினொன்றுக்கு.

ஆகவேதான், சொந்த வண்டி இல்லாத பலர் ‘ஆக்டிங் டிரைவர்’ வேலையை நாடுகிறார்கள். கார் வைத்திருப்பவரின் வண்டியை அவருக்காக ஓட்டிக் கொடுத்துவிட்டு, மணிக்கணக்கில் கூலி பெறுவது இம்முறை. முதலீடு கிடையாது. பகுதி நேரத்தாருக்கு இதுவே பாதுகாப்பான வழி எனலாம்.

பணக் கணக்கைத் தாள் கொண்டு போட்டுவிடலாம். உறக்கத்தின் கணக்குத்தான் எளிதில் பிடிபடுவதில்லை. செயலி நிறுவனங்களுக்காக மத்திய அரசு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், ஓர் ஓட்டுநர் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் செயலியில் இருக்கலாகாது என்று வரம்பு விதித்தன. நல்ல விதிதான். ஆனால், செயலி எண்ணுவது செயலியில் கழிந்த நேரத்தை மட்டுமே. காலை ஐந்து மணிக்கு எழுந்து, ஒன்பது மணி நேரம் வேறு வேலை பார்த்துவிட்டு, இரவு ஏழு மணிக்குக் காரில் அமர்பவரைச் செயலி அப்போதுதான் கண் விழித்தவராகக் கருதுகிறது. பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்தவருடைய நிலைக்குத் தாழ்ந்துவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் நாட்டில் வாகனம் ஓட்டுவோருக்குச் சட்டம் வகுத்த எல்லையோ 0.03 சதவீதம். காலை ஐந்து மணிக்கு எழுந்தவருக்குப் பதினேழாவது மணி நேரம் இரவு பத்து மணிக்கே நிறைவடைந்துவிடும். மது அருந்தியவரைச் சோதிக்கக் கருவி இருக்கிறது. உறங்காதவரைச் சோதிக்கச் சாலையில் கருவி எதுவும் இல்லை. வீட்டார் சொன்னால்தான் உண்டு.

பாரதப் போரின் பதினான்காம் நாளை இங்கே நினைக்கலாம். சூரியன் மறைவதற்குள் ஜயத்ரதனை வீழ்த்துவதாக அர்ச்சுனன் சபதம் செய்திருந்தான். தவறினால் தீப்புகுவதாகவும் சொல்லியிருந்தான். ஒவ்வொரு நாழிகையும் உயிருக்கு நிகரான நாள் அது. அந்த நாளில், எதிரிப் படையின் நடுவிலே தேர் நிறுத்தப்படுகிறது. களைத்த குதிரைகளுக்காக அர்ச்சுனன் அம்பினால் பூமியைப் பிளந்து நீர்நிலை உண்டாக்குகிறான். கண்ணன் நுகத்திலிருந்து குதிரைகளை அவிழ்த்து, அவற்றின் உடலில் தைத்த அம்புகளைக் களைந்து, தன் கைகளால் தேய்த்துவிட்டு, நீர் காட்டி, தீனி கொடுத்து, களைப்பு நீங்கிய பின்னரே மீண்டும் பூட்டுகிறான். இன்னும் ஒரு சவாரி எடுத்தால் ஊக்கத்தொகை கிடைக்கும் என்று இரவு பதினொரு மணிக்குச் செயலி ஆசை காட்டும்போது, ஓட்டுநர்கள் நினைத்துப் பார்க்க வேண்டிய கட்டம் இது. துரோண பருவத்தில் கண்ணனுக்கு இருந்த அவசரத்தை விடவா ஊக்கத்தொகை அவசரமானது?

தமிழக அரசு 2023-இல் இணையம் சார்ந்த சேவைத் தொழிலாளர்களுக்கென நல வாரியம் அமைத்தது. பகுதி நேர ஓட்டுநர்கள் அதில் தங்களுக்குரிய உதவிகளைக் கேட்டறியத் தயங்க வேண்டியதில்லை.

பயணம் செய்யும் குடும்பங்களுக்கும் இதில் பங்கு உண்டு. திருவிழா நாள்களில் மாட வீதிகள் அடைக்கப்பட்டிருக்கும். கோயில் வாசலையே ஏறுமிடமாகக் குறித்துவிட்டு, கார் வரவில்லையே என்று ஓட்டுநரைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. தடுப்புக்கு வெளியே உள்ள பெரிய சாலையைக் குறித்தால், சுற்றி அலையும் நேரம் இருவருக்கும் மிச்சம்.

நவக்கிரகச் சுற்றுலா இன்னும் கடினமானது. சென்னையிலிருந்து சொந்தக் காரில் ஆக்டிங் டிரைவரோடு இரவு பத்து மணிக்குப் புறப்பட்டு, விடியலில் கும்பகோணத்தை அடைந்து, இரண்டே நாளில் ஒன்பது தலங்களையும் முடித்துத் திரும்பிவிட வேண்டும் என்று திட்டமிடும் குடும்பங்கள் உண்டு. இரவெல்லாம் பின்இருக்கையில் இருப்போர் உறங்குவார்கள். காலையில் அவர்கள் அறைக்குச் சென்று நீராடிப் புறப்படும் வரை ஓட்டுநர் காரிலேயே இருப்பார். மறுபடியும் சாவியைத் திருக வேண்டியவர் அவரே.

திருநள்ளாற்றில் நளதீர்த்தத்தில் மூழ்கி எழுகிறவர்கள், அந்த நளனும் கூலிக்குத் தேரோட்டியவனே என்பதை அறிவார்கள். நாடிழந்து, உருமாறி, வாகுகன் என்ற பெயரில் அயோத்தி மன்னன் இருதுபர்ணனிடம் பணிபுரிந்தவன் அவன். பிறந்த குலமும் ஆண்ட நாடும் அங்கே எவருக்கும் தெரியாது. குதிரைகளை அவன் நடத்திய விதம் மட்டுமே தெரிந்தது. காருக்குள் தலைசாய்த்துக் கிடக்கும் ஓட்டுநரும் சென்ற ஆண்டு வரை ஏதோ ஓர் அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்தவராக இருக்கக்கூடும்.

பயணத்தை இரவில் தொடங்காமல் அதிகாலை ஐந்து மணிக்குத் தொடங்கலாம். இரண்டு நாளை மூன்றாக்கலாம். விடுதியில் அறை பதிவு செய்யும்போதே ஓட்டுநருக்குப் படுக்க இடம் உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் வேறு விடுதி பார்க்கலாம், அல்லது கூடுதலாக ஒரு சிறிய அறை எடுக்கலாம். அதற்காகும் தொகை, ஒன்பது கோயில்களில் அர்ச்சனைக்கு ஒதுக்கும் தொகையோடு சேர்த்தே எழுதப்பட வேண்டிய செலவு.