பிசிஆர் பொறிக்கு வெப்பநிலை அமைப்பது எப்படி?

எங்கள் ஆய்வுக்கூடத்தின் மூலையில் அரிசிக் குக்கர் அளவில் ஒரு பொறி இருக்கிறது. தெர்மல் சைக்கிளர் என்பது அதன் பெயர். சொன்ன சூட்டிற்கு ஏறுவதும் இறங்குவதும்தான் அதன் வேலை. ஆனாலும் கடந்த பருவத்தில் என்னை ஒரு வாரம் தூங்கவிடாமல் செய்தது இந்தப் பொறிதான்.

பிசிஆர் என்பது டிஎன்ஏயின் குறிப்பிட்ட ஒரு பகுதியை மட்டும் பெருக்கும் முறை. 1983-இல் இதனை உருவாக்கிய கேரி மல்லிஸ், 1993-இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஒவ்வொரு சுற்றிலும் படிகள் இரட்டிப்பாகும். கணக்குப்படி, 30 சுற்றுகளில் ஒரு மூலக்கூறு ஏறத்தாழ 107 கோடியாகும்.

ஒரு சுற்றில் மூன்று வெப்பநிலைகள் உண்டு.

முதலாவது, 95 பாகை செல்சியஸ். முறுக்கிய கயிறு போன்ற டிஎன்ஏயின் இரண்டு இழைகளும் இந்தச் சூட்டில் பிரிகின்றன.

இரண்டாவது, பிரைமர் எனும் சிறிய தொடக்க இழை தன் இடத்தில் ஒட்டும் வெப்பநிலை. இதைத்தான் நாம் கணக்கிட வேண்டும். பிரைமரில் உள்ள ஏ, டி எழுத்துகளுக்குத் தலா 2, ஜி, சி எழுத்துகளுக்குத் தலா 4 எனக் கூட்டுங்கள். என் பிரைமரில் 20 எழுத்துகள், இருவகையிலும் பத்துப் பத்து. ஆக, 60. அதிலிருந்து 5 குறைத்து 55 பாகையில் தொடங்கினேன். சூடு மிகுந்தால் பிரைமர் ஒட்டாது. குறைந்தால் வேண்டாத இடத்திலும் ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவது, 72 பாகை. இங்கே டேக் எனும் நொதி புதிய இழையைக் கட்டுகிறது. ஆயிரம் எழுத்துகளுக்கு ஒரு நிமிடம் என்பது பொதுவான கணக்கு. இந்த நொதி, அமெரிக்காவின் எல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் கண்டறியப்பட்ட நுண்ணுயிரிக்கு உரியது. அதனால்தான் 95 பாகையையும் தாங்குகிறது.

எண்ணெய்ப்பனைத் தோட்டத்து மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிரிகளை இனங்காண்பது என் இறுதியாண்டு ஆய்வு. நான் பெருக்க வேண்டிய பகுதி சுமார் 1500 எழுத்துகள். ஆகவே, நிரல் இப்படி அமைய வேண்டும்:

1. 95 பாகை, 5 நிமிடம்
2. 95 பாகை, 30 வினாடி
3. 55 பாகை, 30 வினாடி
4. 72 பாகை, 1 நிமிடம் 30 வினாடி
5. படி 2-க்குத் திரும்புக, 29 முறை
6. 72 பாகை, 10 நிமிடம்
7. 4 பாகை, வெளியே எடுக்கும்வரை

முதல் சுற்று ஏற்கெனவே முடிந்துவிடுவதால் 29 என்று கொடுத்தாலே 30 சுற்றுகள் ஆகிவிடும்.

அன்று பிற்பகல் இரண்டு மணிக்குப் பொறியை முடுக்கினேன். நான்கு மணிவாக்கில் முடிந்திருக்க வேண்டும். ஐந்தரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. பழைய பொறி, மெதுவாக ஓடுகிறது என்று எண்ணி விடுதிக்குப் போய்விட்டேன். மறுநாள் ஜெல்லில் அளவுகோல் வரிசையைத் தவிர ஒரு கோடுகூட இல்லை. பன்னிரண்டு குழாய்களும் வீண். அதோடு, ஆய்வுக்கூடத்தில் எஞ்சியிருந்த நொதியும் தீர்ந்துபோனது.

பிரைமரைக் குறை சொன்னேன். மண்ணைக் குறை சொன்னேன். முதுகலை படிக்கும் அக்கா ஒருவர் மட்டும் பொறியின் திரையைப் பார்த்தார். “தம்பி, இங்க வாங்க. எங்க திரும்பச் சொல்லியிருக்கீங்க?”

படி 2 என்பதற்குப் பதிலாகப் படி 1 எனப் பதித்திருந்தேன். ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஐந்து நிமிடச் சூடு திரும்ப வந்திருக்கிறது. மொத்தம் 150 நிமிடங்களுக்கும் மேல் 95 பாகை! அந்தச் சூட்டில் டேக் நொதியின் ஆற்றல் ஏறத்தாழ 40 நிமிடங்களுக்கு ஒருமுறை பாதியாகும். இறுதியில் பதினாறில் ஒரு பங்குகூட மிஞ்சியிருக்குமா என்பது ஐயமே.

நொதி தீர்ந்ததற்குக் காரணம் நான்தான் என்று விரிவுரையாளரிடம் சொல்லத்தான் தயக்கமாக இருந்தது. சொன்னேன். அவர் திட்டவில்லை, புதிய நொதி வரும்வரை நிரலைத் தாளில் எழுதி, மொத்த நேரத்தைக் கூட்டிப் பழகச் சொன்னார். தமிழ்ப்பள்ளியில் கணக்கு முடிந்ததும் விடையைச் சரிபார்க்கச் சொல்வார்களே, அதே பாடம்தான். மூன்று வாரம் கழித்து வந்த ஜெல்லில் பதினொரு கோடுகள் ஒளிர்ந்தன.

தோழர்களே, பொறியை முடுக்கியதும் திரையில் தெரியும் நேரத்தை உங்கள் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது கூடுதலாக இருந்தால், பொறி பழையது என்று நினைக்காதீர்கள்.