சேலம் விமானத்துக்கு கிராஸ் மார்ஜின் எவ்வளவு?

பங்குச்சந்தை இணையதளங்களில் ஒரு விமான நிறுவனத்தின் கிராஸ் மார்ஜினைத் தேடிப் பாருங்கள். ஒரு தளத்தில் ஒரு எண் இருக்கும், அடுத்ததில் வேறு எண். தளங்கள் தப்பாகக் கணக்குப் போடுகின்றன என்று சொல்லிவிட முடியாது. நம் நாட்டுக் கம்பெனிச் சட்டப்படியான லாப நட்டக் கணக்கில் "மொத்த லாபம்" என்று ஒரு வரியே கிடையாது. எரிபொருள், சம்பளம், தேய்மானம், வட்டி என்று செலவுகள் வகைவாரியாகத்தான் வரும். இதில் எதெல்லாம் நேரடிச் செலவு என்பதை அந்தந்தத் தளமே முடிவு செய்துகொள்கிறது.

வெள்ளக்கடையில் காப்பித்தூள் விற்பவருக்கு இந்தக் குழப்பமே இல்லை. கொட்டை 100 ரூபாய், தூள் 140 ரூபாய் என்றால் கையில் நிற்பது 40. இன்றைக்கு விற்காவிட்டால் நாளைக்கு விற்கலாம். விற்றால்தான் கொட்டைச் செலவும். விமான இருக்கை அப்படியா? ஓடுபாதையை விட்டு வண்டி எழும்பின நிமிஷம், காலி இருக்கை குப்பைதான். செலவு மட்டும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும்.

ஏற்காட்டுக்காரர்களுக்குப் பக்கத்து விமான நிலையம் ஓமலூர் பக்கம் கமலாபுரத்தில் இருக்கிறது. 2018 மார்ச் 25-இல் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் சென்னைக்கு ஏடிஆர் விமானம் விட்டது. ஒரு கணக்கு போடுவோம் (எண்கள் சும்மா வைத்துக்கொண்டவை, நிறுவனத்தின் கணக்கு இல்லை). 70 இருக்கை, டிக்கெட் 2,500 ரூபாய், ஒரு தடவை பறக்க நேரடிச் செலவு 1,40,000. நிறைந்து போனால் வரவு 1,75,000, மார்ஜின் 20 சதவீதம். 56 பேர் என்றால் பூஜ்யம். 50 பேர் என்றால் 15,000 கைநஷ்டம். இருபது பேர் வராமல் போனதற்கே இந்தக் கதி!

இந்த ஓட்டையை அடைக்கத்தான் உடானில் மூன்று வருஷத்துக்கு இடைவெளி நிதி கொடுத்தார்கள். பாதி இருக்கைகளுக்குக் கட்டண உச்சவரம்பு. ஈடாக மத்திய அரசு 80 சதவீதம், மாநிலம் 20 சதவீதம் என்று மானியம். மானியத்தை வருவாயில் சேர்த்தால் மார்ஜின் அழகாகத் தெரியும், எடுத்துவிட்டால் அந்த வழித்தடத்தின் நிஜ முகம். இந்த வழித்தடத்தைப் பொறுத்தவரை நான் இரண்டாவதைத்தான் நம்புவேன். மூன்று வருஷமும் முடிந்து, கொரோனாவும் சேர்ந்து, 2021-இல் சேவை நின்றது. மறுபடி விமானம் வர 2023 அக்டோபர் ஆயிற்று: அலையன்ஸ் ஏர், பின்னாலேயே இண்டிகோ.

இன்னொரு கண்கட்டு வித்தை, குத்தகை. இந்திய விமானங்களில் பெரும்பாலானவை வாடகை வண்டிகள். 2019 ஏப்ரல் 1 முதல் புதிய கணக்கியல் விதிப்படி அந்த வாடகையில் பெரும்பகுதி தேய்மானமும் வட்டியுமாகப் பிரிந்து கீழே போய்விட்டது. பழைய வண்டி, பழைய வாடகை, ஆனால் மேல்வரி மார்ஜின் ஒரே ராத்திரியில் கூடிவிட்டது. 2018-ஐயும் 2020-ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர்கள் இதைக் கவனிக்காமல் "திறமை கூடிவிட்டது" என்று எழுதுவதைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது.

அதனால் நான் முதலில் பார்ப்பது எரிபொருள் வரியை. 2023-24-இல் இண்டிகோவின் மொத்த வருமானம் சுமார் 71,000 கோடி. அதில் மூன்றில் ஒரு பங்கு எரிபொருளுக்கே போனது. எல்லாம் போக நின்றது 8,100 கோடி சொச்சம். முந்தைய வருஷமோ சுமார் 300 கோடி நஷ்டம். எரிபொருளுக்கு அடுத்து இருக்கை நிரம்பிய விகிதம், அதற்கும் அடுத்து ஒரு இருக்கையை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக ஆகும் செலவு. இந்த மூன்றையும் பார்த்தபிறகு, தளங்கள் போடும் கிராஸ் மார்ஜின் எண்ணைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தோன்றுவதில்லை.