ஒளியை ஏற்கும் உலோகச் சிக்கல்கள்

பனங்கிழங்கைப் பிளந்து முற்றத்திற் காயவிட்டு ஒடியலாக்கும் கரம்பொன் மூதாட்டி ஞாயிற்றின் சக்தியைப் பயன்படுத்துகின்றாள் என்று எவரும் கூறுவதில்லை. ஆயினும் அவள் செய்வது அதுவே. மழைக்காலத்துக்குரிய உணவை வெயிலின் துணைகொண்டு சேமித்து வைக்கின்றாள். பகலின் ஒளியை இவ்வாறே சேமித்து இரவில் விளக்கெரிக்க விரும்பின் வெப்பம் மட்டும் போதாது. ஒளி மின்னாகவோ எரிபொருளாகவோ மாறுதல் வேண்டும். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் அனலைதீவிலும் இது ஏட்டளவிலான வினா அன்று. மின்பொறிகளுக்குரிய டீசல் அங்கெல்லாம் கடல் கடந்தே செல்ல வேண்டியதாயிற்று. இம்மூன்று தீவுகளிலும் ஞாயிற்றொளியும் காற்றும் இணைந்த மின்னமைப்பை நிறுவ இந்திய நன்கொடையுடன் 2024இல் ஒப்பந்தம் செய்யப்பட்டது.

ஒளியை எரிபொருளாக்கும் வித்தையைப் பச்சிலை என்றோ கற்றுவிட்டது. பச்சையத்தின் நடுவே அமர்ந்திருப்பது மகனீசியம் என்னும் உலோகம். அதனைச் சூழ்ந்திருப்பது பொர்பிரின் வகையைச் சேர்ந்த வளையம். உலோகமும் அதனைச் சூழ்ந்த சேதன மூலக்கூறுகளும் சேர்ந்த இத்தகைய அமைப்பினையே இரசாயனர் உலோகச் சிக்கல் என்பர். பெயர்தான் அச்சமூட்டுவது, பொருள் அத்துணைச் சிக்கலானதன்று.

இத்துறையில் நெடுங்காலம் உழைத்த தமிழர் கலாநிதி கு. கல்யாணசுந்தரம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் வாயிலாகப் பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றுவித்தவர் என்றே தமிழ் கற்றோர் பலர் அவரை அறிவர். அவரது தொழில் ஒளியிரசாயனம் என்பதை அறிந்தோர் அவருட் சிலரே. அமெரிக்காவின் நோத்திர டாம் பல்கலைக்கழகத்தில் ஆய்ந்து, பின்னர் இலண்டனில் 1967ஆம் ஆண்டு நோபல் பரிசாளருள் ஒருவரான யோர்ச் போட்டரிடம் பயின்று, சுவிற்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள தொழினுட்ப நிறுவனத்தில் பேராசிரியர் மைக்கேல் கிரெற்சலுடன் சேர்ந்தார். பல்பிரிடீன், பொர்பிரின் சிக்கல்களின் ஒளியிரசாயனம் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1992இல் வெளிவந்தது.

ஆய்வின் நடுநாயகம் றுதேனியம். இவ்வுலோக அயனை இருபிரிடீன் மூலக்கூறுகள் மூன்று பற்றிநிற்கும்போது உண்டாகும் சிக்கல் நீரில் செம்மஞ்சளாகத் தோன்றும். ஏறக்குறைய 450 நனோமீற்றர் அலைநீளமுடைய நீல ஒளியை அது விழுங்கிவிடுவதே காரணம். விழுங்கியதும் உலோகத்தின் இலத்திரன் ஒன்று சூழ்ந்திருக்கும் மூலக்கூறுக்குத் தாவுகின்றது. இவ்வருட்டிய நிலை ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு கூறு தானும் நிலைப்பதில்லை. எனினும் மூலக்கூறுகளின் உலகில் அது நீண்ட பொழுதே. அதற்குள் அருகிலுள்ள வேறொரு மூலக்கூற்றைச் சந்தித்து இலத்திரனைக் கொடுத்துவிடலாம்.

கொடுப்பதில் இடரில்லை. கொடுத்தது திரும்பிவிடுவதே இடர். துலாமிதித்து இறைத்த நீர் வாய்க்காலிற் பாயாது மீண்டும் கிணற்றினுள்ளேயே வீழ்ந்தால் உழைப்பு என்னாகும்? இலத்திரன் ஓடிச்செல்ல ஒரு வாய்க்கால் வேண்டும். நுண்ணிய பிளாற்றினத் துணிக்கைகள் ஒருபுறம் நீரிலிருந்து ஐதரசனை விடுவிக்கவும், றுதேனியம் ஈரொட்சைட்டு மறுபுறம் ஒட்சிசனை விடுவிக்கவும் ஊக்கிகளாக அமைந்த ஒரு முறையைக் கல்யாணசுந்தரமும் கிரெற்சலும் 1979இல் வெளியிட்டனர். எண்ணெய் விலையேற்றத்தால் உலகம் கலங்கியிருந்த காலம் அது. ஆதலின் எதிர்பார்ப்பும் மிகுந்தது. ஆயின் இவ்வழியில் நீரைப் பிரித்து எரிபொருளை மலிவாகப் பெறும் நிலை இன்னும் வாய்க்கவில்லை. ஒரே கலத்தினுள் ஐதரசனும் ஒட்சிசனும் ஒருங்கே பிறப்பதும், இலத்திரன் இடைவழியில் மீள்வதும் தீராத தொல்லைகளாயின.

மின்னாக்கும் வழியோ பயன் தந்தது. தைத்தேனியம் ஈரொட்சைட்டு வெண்சாயத்திற் கலக்கும் மலிவான பொருள். அது புற ஊதா ஒளியையே ஏற்கும். கட்புலனாகும் ஒளி அதற்கு வேண்டாததொன்று. அதன் நுண்டுணிக்கைகளை ஏறத்தாழ 10 மைக்கிரோமீற்றர் தடிப்பில் கண்ணாடிமேற் படியவைத்து, அவற்றின்மீது றுதேனியச் சிக்கலைச் சாயமாக ஏற்றினர். சாயம் ஒளியைப் பற்றும்; ஈரொட்சைட்டு இலத்திரனை வாங்கிச் சுற்றுக்கு அனுப்பும்; கரைசலிலுள்ள அயடைட்டு சாயம் இழந்ததை ஈடுசெய்யும். துணிக்கைகளின் இடைவெளிகளெல்லாம் மேற்பரப்பாதலின், தட்டையான பரப்பினும் பன்னூறு மடங்கு சாயம் அதிற் பற்றும். வெற்றியின் இரகசியம் இதுவே. பிரையன் ஒறீகனும் கிரெற்சலும் 1991இல் அறிவித்த இக்கலம், தன்மீது விழும் ஒளியில் நூற்றுக்கு 7 பங்குக்கு மேல் மின்னாக்கிற்று. நாகம் கொண்ட பொர்பிரின் சாயமொன்று 2011இல் அதனை 12 பங்குக்கு மேல் உயர்த்தியது. பச்சையத்தின் உறவினரே ஈண்டும் கைகொடுத்தனர்.

இன்று கூரைகளில் ஏறும் சிலிக்கன் தகடுகள் 20 பங்குக்கு மேல் தருவனவாய், விலையும் வீழ்ந்துவிட்டமையால், சாயக்கலம் அவற்றை வெல்லவில்லை. றுதேனியம் அரிதானது, கரைசல் கசியாது பல்லாண்டு அடைத்து வைத்தலும் எளிதன்று. ஆயினும் முகிலின் கீழும், அறையினுள்ளே விளக்கொளியிலும் அது நன்கு தொழிற்படும். சிறு கருவிகளுக்கு அதனைப் பயன்படுத்தும் முயற்சிகள் நடைபெறுகின்றன. இருபது ஆண்டுகள் வெயிலில் நிற்பதாயின் ஒவ்வொரு சாய மூலக்கூறும் ஏறக்குறைய பத்துக் கோடி முறை தன் இலத்திரனைக் கொடுத்து மீளப்பெற வேண்டும் எனக் கணித்துள்ளனர். ஒருமுறை தவறி உடைந்த மூலக்கூறு மீண்டும் கூடுவதில்லை. இலையோ உடைந்த பச்சையத்துக்கு ஈடாகப் புதியதை ஆக்கிக்கொள்கின்றது. அவ்வித்தை கண்ணாடிக் கலத்துக்கு இன்னும் கைவரவில்லை.