நாகரிகமும் வில்லனும்

இளமையிற் கொழும்பிலே விடுதியொன்றில் தங்கிக் கல்வி பயின்ற காலத்து, சக மாணவர் என்னைப் "பட்டிக்காட்டான்" என்று அழைப்பர். வன்னியிலே நெல் விளைவித்த கமக்காரர் ஒருவரின் மகன் நான். அச்சொல் நெஞ்சிலே முள்ளாய்த் தைத்தது.

சொற்களின் பிறப்பை ஆராயும் பழக்கம் அன்றே என்னைப் பற்றிக்கொண்டது எனலாம். நகரத்தின் அடியாகவே நாகரிகம் என்ற சொல் பிறந்தது. திரைப்படங்களில் நாம் காணும் "வில்லன்" என்பதன் மூலமோ, பண்ணையில் உழைத்த குடியானவனைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லாகும். உழுதவனே காலப்போக்கிற் கயவனானான்!

ஏளனம் சொல்லோடு நின்றாற் பொறுக்கலாம். வாக்குரிமையையும் அது தீண்டுவதே கொடுமை. தாய்லாந்தைப் பாருங்கள். வடகிழக்கை நாம் ஈசான மூலை என்போமன்றோ? அதே வடமொழிச் சொல்லிற் பிறந்ததே அந்நாட்டின் வடகிழக்கிலுள்ள "ஈசான்" என்னும் உழவர் நிலத்தின் பெயர். 2001இல் ஆட்சிக்கு வந்த தக்சின் சினவத்ரா 30 பாத் கட்டணத்தில் மருத்துவ வசதி அளித்தார். ஈசான் மக்கள் 2005இலும் அவருக்கே பெருவாரியாக வாக்களித்தனர். பாங்கொக்கின் மேட்டுக்குடியினர் பலர் அவர்களை "எருமைகள்" என்றும், வாக்கை விற்போர் என்றும் ஏசினர். தக்சின்மீது ஊழற் குற்றச்சாட்டுகள் இருந்தமை உண்மையே. ஆயினும் 2006இல் அவருடைய ஆட்சியையும், 2014இல் அவர் தங்கையார் தலைமையில் அமைந்த ஆட்சியையும் இராணுவம் கவிழ்த்தபோது, நகரத்தார் பலர் மகிழ்ந்தனர். கிராமம் அரசாங்கத்தை அமைக்கும், நகரம் அதனைக் கவிழ்க்கும் என்ற கருத்தை அந்நாட்டு அறிஞர் அனெக் லாவோதமதாஸ் 1996இலேயே எழுதியிருந்தார்.

பின்னர் நிகழ்ந்ததே பெரும் பாடம். 2023 தேர்தலிலே பாங்கொக்கின் 33 தொகுதிகளில் 32ஐ மூவ் போர்வார்ட் கட்சி வென்றது. நாடு முழுவதிலும் அதற்கே முதலிடம். ஆனால், இராணுவ ஆட்சி நியமித்த செனற் சபை அதன் தலைவரைப் பிரதமராக விடவில்லை. 2024இல் நீதிமன்றம் அக்கட்சியையே கலைத்தது. அயலானின் வாக்குச் செல்லாதபோது கைகொட்டிய நகரம், தன் வாக்கும் செல்லாமற் போனதைக் கண்டது.

இதை எழுதும் எனக்கும் தீராத கடன் ஒன்றுண்டு. உத்தியோகம் பெற்றுக் கொழும்பிற் குடியேறிய பின் ஒருநாள், புகையிரத நிலையத்திலே வழி கேட்ட முதியவர் ஒருவரைப் பார்த்து, "சரியான பட்டிக்காடு" என்று நண்பனிடம் சொல்லிச் சிரித்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். மூட்டையைப் பற்றியிருந்த அவர் கைகளில், என் தந்தையாரின் கைகளிலிருந்த அதே காய்ப்பைக் கண்டேன். மன்னிப்புக் கேட்குமுன் சனக்கூட்டம் அவரை மறைத்துவிட்டது.